மேல்மூடி: கண்ணாடியா, தகடா, வலையா?

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் பம்ப், விளக்கு, உப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். மூடியை மட்டும் கடைக்காரர் கையில் விட்டுவிடுவார்கள். சென்னை கொளத்தூரில் தொட்டி வாங்கினால் பெரும்பாலும் கூடவே ஒரு கண்ணாடித் துண்டோ, விளக்கு பொருத்திய பிளாஸ்டிக் கூடோ வரும். தங்கமீனுக்கும் கப்பிக்கும் அது போதும். கடல் மீனுக்கு, அதுவும் திருத்தணி மாதிரியான ஊரில், அந்தக் கண்ணாடியை அப்படியே போட்டு மூடினால் முதல் கோடையிலேயே சிக்கல் தொடங்கும்.

இந்த அத்தியாயத்துக்குத் திருத்தணியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடும். பல நாள் வந்தே சேராது. சுற்றிலும் பாறைக் குன்றுகள். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று மாலைச் செய்தியில் வாசிக்கும் பட்டியலில் வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி இடம்பெறும். அதே ஊரில் மார்கழி, தை விடியலில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும். மூடியைப் பற்றி வெளிநாட்டு நூல்கள் சொல்வதில் பாதி, வீட்டுக்குள் கணப்பு போட்டு வாழ்கிறவர்களுக்காக எழுதியது. தொட்டியின் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. சூடு எப்படியாவது வெளியே போக வேண்டும் என்பது நம் கவலை. மூடி வாங்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாகத் தெளிவாகும்.

மூடி எதற்கு வேண்டும்

முதல் காரணம், மீன் குதிக்கும். ஃபயர்ஃபிஷ், கோபி, ராஸ் வகைகள், பிளெனி ஆகியவை பேர்போன குதிகாரர்கள். அஞ்சாளைக்குக் குதிக்கவே வேண்டாம். இடுக்கு கிடைத்தால் தலையை நுழைத்து, உடம்பை நெளித்து, மூடியையே தள்ளிக்கொண்டு வெளியேறும். நெமோ என்று நாம் கூப்பிடும் கோமாளி மீன் அடக்கமானதுதான். ஆனாலும் இரவில் எதற்காவது மிரண்டால் அதுவும் தரையில் கிடக்கும். தொட்டிக்கு வந்த முதல் சில நாள்களிலும், விளக்கைச் சட்டென்று அணைக்கும்போதும், பெரிய மீன் துரத்தும்போதும் குதிப்பு அதிகம். பகலெல்லாம் பார்த்தேன், எந்த மீனும் குதிக்கவில்லை, மூடி வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் இரவைக் கணக்கில் எடுக்காதவர்கள்.

இரண்டாவது, நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கல்லும் மணலும் போக ஏறக்குறைய 200 லிட்டர் நீர் இருக்கும். அதன் மேற்பரப்பில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் ஐந்தரை லிட்டர் போய்விட்டது என்று பொருள். உப்பு அளவு 35-லிருந்து 36-க்கு ஏறிவிடும். மீன் இதைத் தாங்கும். இறாலும் கடற்சாமந்தியும் அவ்வளவு எளிதில் தாங்கா. இழந்ததை நல்ல நீரால்தான் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல. இந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்பும் நைட்ரேட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஆர்.ஓ. நீர் வேண்டும். நாளைக்கு ஐந்து லிட்டர் ஆவியானால் நாலு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன். செலவாக மட்டும் பார்த்தால் இறுக்கமான மூடிதான் லாபம். இதன் மறுபக்கத்தைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, உப்புப் படிவு. காற்றுக் குமிழ் உடையும் இடங்களில் தெறிக்கும் நுண்துளிகள் விளக்கிலும் ஒயரிலும் பிளக்கிலும் காய்ந்து வெள்ளைப் பொருக்காகப் படியும். அந்தப் பொருக்கு ஈரத்தை இழுக்கும். ஈரப் பொருக்கில் மின்சாரம் பாயும். விளக்குக்கும் நீருக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்க வேண்டியது உயிர்ப் பாதுகாப்பு. மூடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தொட்டிக்கான மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) போட்டே ஆக வேண்டும். ஒயர்கள் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பிறகு வீட்டுக் காரணங்கள்: பல்லி, கரப்பான், பூனை. குரங்கு வந்துபோகும் தெருவில் வீடு இருந்தால் அதுவும் உண்டு. ஆடிக்கிருத்திகைக்குக் காவடியோடு வந்து இறங்கும் உறவுக்காரப் பிள்ளைகளை இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்கு மன்னிக்க வேண்டும். திறந்த தொட்டியில் நாணயமும் விபூதிப் பொட்டலமும் விழுவது அந்த நாள்களில்தான்.

மூடினால் என்ன கெடும்

மண்பானையில் நீர் ஏன் குளிர்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். திறந்த தொட்டியில் நடப்பதும் அதுவே. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன தொட்டியில் ஒரு நாளில் ஐந்தரை லிட்டர் போனால், நாள் முழுக்க 150 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும் ஒரு குளிர்விப்பான் ஓடுவதற்குச் சமம். மின்கட்டணம் கிடையாது. ஒரு பம்ப், ஒரு அலை பம்ப், விளக்கு எல்லாம் சேர்ந்து தொட்டிக்குள் தள்ளும் வெப்பமும் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும். கண்ணாடியைப் போட்டு நான்கு பக்கமும் அடைத்தால் அந்தக் குளிர்விப்பான் நின்றுவிடும்; பம்பும் விளக்கும் தொடர்ந்து சூடேற்றும். அறையைவிடத் தொட்டி இரண்டு மூன்று டிகிரி கூடுதல் சூட்டில் நிற்கத் தொடங்குவது அப்படித்தான்.

கடல் மீனுக்கு 25 முதல் 28 டிகிரி வரை வசதி. 30-ஐத் தாண்டினால் திணறல் தொடங்கும். திணறலுக்குக் காரணம் சூடு மட்டும் இல்லை. 25 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீர் அதே சூட்டில் 6.7 அளவுதான் வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 6.2 ஆகிவிடும். தொடக்கத்திலேயே கையிருப்பு குறைவு. மூடி இறுக்கமாக இருந்தால் நீருக்கு மேலே உள்ள காற்றும் தேங்கி, மீன் வெளியிடும் கரியமிலவாயு அங்கேயே சுற்றும், பி.எச். இறங்கும். காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள்.

திருத்தணிக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. ஆவியாதலால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு எல்லை, காற்றில் உள்ள ஈரம். கடற்கரை ஊரில் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்; மின்விசிறி வைத்தாலும் பலன் குறைவு. இங்கே மே மாதப் பிற்பகலில் மேற்கிலிருந்து வீசுவது வறண்ட காற்று. வெயில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், ஈரத் துணி சுற்றிய வெப்பமானி 26 டிகிரி அளவுதான் காட்டும். ஆவியாதல் நீரை அந்த எல்லை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டி 26-க்கு இறங்கிவிடாது; ஆனால் நீர்ப்பரப்பின்மேல் சாய்வாகக் காற்று அடிக்கும் ஒரு சிறிய மேசை விசிறி, சென்னையில் செய்வதைவிடத் திருத்தணியில் அதிகம் செய்யும். சில்லர் வாங்கப் பணம் இல்லாதவருக்கு இந்த வறட்சிதான் சொத்து. இறுக்கமான மூடி அந்தச் சொத்தைப் பூட்டி வைத்துவிடுகிறது.

ஆகவே இந்த நூல் இந்த ஊர்க்காரருக்குச் சொல்வது: நீர்ப்பரப்பின் பெரும்பகுதிக்கு வலை மூடி. தெறிப்பும் மின்சாரமும் சந்திக்கும் பட்டைக்கு மட்டும் ஒளி புகும் தகடோ கண்ணாடியோ. முழு மூடி ஒன்று பரணில் இருக்கட்டும்; குளிர்காலத்துக்கும் விருந்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஏ.சி. நாள் முழுக்க ஓடும் அறையோ, சரியான அளவில் ஒரு சில்லரோ இருந்தால் இந்த அறிவுரையைப் புரட்டிப் போட்டு, முழு மூடியையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒளி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்

மூடியால் எத்தனை சதவீத ஒளி குறையும் என்று பக்கம் பக்கமாக விவாதிப்பது பவளம் வளர்க்கும் நாட்டுக்காரர்கள் வழக்கம். இந்தியாவில் பாறை கட்டும் கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடல்விசிறியும் கடற்குதிரையும் அதே அட்டவணை. வைத்திருப்பதே குற்றம், விற்பவர் என்ன சொன்னாலும். மன்னார் வளைகுடாவில் பிடுங்கிய பவளக் கல்லை அலங்காரத்துக்கு என்று தந்தாலும் வாங்காதீர்கள். நம் தொட்டிகள் பெரும்பாலும் மீனும் செயற்கைப் பாறையும் கொண்டவை; மீனுக்குப் பத்து சதவீத ஒளி குறைவது பொருட்டே இல்லை. சாதாரணக் கண்ணாடி பத்தில் ஒன்பது பங்கு ஒளியை விடும். அக்ரிலிக் அதைவிடச் சற்றுக் கூடுதலாக விடும். பாலிகார்பனேட் சற்றுக் குறைவாக விடும். ஒரு வாரம் துடைக்காமல் விட்ட உப்புப் படலம் இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கண்ணாடி

கோயில் அடிவாரத்தைச் சுற்றிச் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைகளில் கண்ணாடி கிடைக்கும், கேட்ட அளவில் வெட்டியும் தருவார்கள். அது படத்துக்கான மெல்லிய கண்ணாடி. நாலடித் தொட்டிமேல் வைத்தால் நடுவில் தொய்யும். கை பட்டால் உடையும். உடைந்தால் தொட்டிக்குள் விழும். ஜன்னல் கண்ணாடி விற்கும் கடைக்குப் போய் 5 மில்லிமீட்டர் கேளுங்கள். ஒரே துண்டாக எடுத்தால் நாலடித் தொட்டிக்கு ஏழு கிலோ வரும். ஈரக் கையோடு நாள்தோறும் தூக்கும் எடையா அது? இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துப் போடுங்கள். தொட்டியின் குறுக்கே ஒட்டியிருக்கும் சப்போர்ட் கண்ணாடிமேல் துண்டுகள் சந்தித்தால் நல்லது.

நான்கு ஓரத்தையும் தேய்த்து வழவழப்பாக்கித் தரச் சொல்லுங்கள். இதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். டஃபன்ட் கண்ணாடி என்றால் எல்லா வெட்டும் துளையும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். பதப்படுத்திய பிறகு வெட்டப் போனால் முழுதும் நொறுங்கிவிடும். பம்ப் குழாய் எந்த மூலையில் வரும் என்று உறுதியாகத் தெரியாதவர் சாதாரணக் கண்ணாடியே வாங்குவது புத்திசாலித்தனம்.

கண்ணாடியின் பெருமை இதுதான்: வளையாது, மஞ்சளாகாது, எளிதில் கீறல் விழாது. வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் பத்து வருடம் கழித்தும் புதிது மாதிரி இருக்கும். துடைப்பதற்குமுன் மூடியைத் தொட்டியைவிட்டு எடுத்துப் போய்விடுங்கள். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைத் தொட்டிக்கு மேலே அடிக்கக் கூடாது.

அக்ரிலிக்

எல்.இ.டி. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் அக்ரிலிக் தகடு இருக்கும். லேசர் வெட்டும் வசதி உள்ள இடத்தில் வளைவு, துளை, கைப்பிடிக்கான இடம் எல்லாம் வரைந்து கொடுத்தபடி அச்சாக வெட்டித் தருவார்கள். கண்ணாடியில் பாதி எடைகூட வராது. பார்க்க அழகு. ஆனால் கடல் தொட்டிமேல் தட்டையாகப் போட அக்ரிலிக்கை நான் பரிந்துரைப்பதில்லை. அது ஈரம் குடிக்கும். கீழ்ப்பக்கம் நாள் முழுக்க ஈரத்தில் நனைந்து விரியும். மேல்பக்கம் விளக்குச் சூட்டில் காய்ந்து நிற்கும். சில வாரங்களில் நடுப்பகுதி தொய்ந்து மூலைகள் மேலே தூக்கிக்கொள்ளும். அந்த மூலை இடுக்குதான் ஃபயர்ஃபிஷ் தேடுவது. வாரம் ஒருமுறை திருப்பிப் போட்டால் வளைவு நிமிரும் என்பார்கள். நிமிரும்தான், நீங்கள் மறக்காத வரை. தடித்த தகடு வாங்கினால் வளைவு தாமதமாகும், நிற்காது. ஸ்பிரிட்டோ அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ பட்டால் மயிர்க்கோடு மாதிரி விரிசல்கள் படரும். அகலம் குறைந்த பட்டையாக, ஒரு சாண் அளவுக்குள், விளக்கின் கீழே பயன்படுத்துவதென்றால் சரி.

பாலிகார்பனேட்

கூரைத் தகடு விற்பவர்களிடம் இது இரண்டு வடிவில் இருக்கும். திண்ணமான ஒற்றைத் தகடு ஒன்று. நடுவில் காற்றுக் குழல்கள் ஓடும் இரட்டைச் சுவர்த் தகடு இன்னொன்று. திண்ணத் தகட்டை அடித்தாலும் உடையாது. அக்ரிலிக்கைவிடக் குறைவாகவே ஈரம் குடிக்கும். கீறல் மட்டும் எளிதில் விழும். கடைக்காரர் எதை எதுவென்று கொடுக்கிறார் என்று சந்தேகம் வந்தால் ஒரு வெட்டுத் துண்டை வாங்கி மடித்துப் பாருங்கள். பாலிகார்பனேட் மடங்கும், அக்ரிலிக் படீரென்று ஒடியும்.

இரட்டைச் சுவர்த் தகடு பற்றி என் கருத்து உயர்ந்தது. 6 மில்லிமீட்டர் தகட்டில் நாலடித் தொட்டி மூடி முக்கால் கிலோதான் இருக்கும். குழல்கள் ஓடும் திசையில் அது வளையவே வளையாது. ஆகவே குழல்கள் தொட்டியின் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும். குறுக்கே ஓடும்படி வெட்டினால் நடுவில் தொய்யும், அப்புறம் தகட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. குழல் வாய்களைச் சிலிக்கானால் அடைக்காவிட்டால் உள்ளே ஈரம் புகுந்து பாசி படரும். அதைக் கழுவ வழியே கிடையாது. பார்வைக்குக் கோடு கோடாகத் தெரியும் என்பது குறை. தொட்டியை மேலிருந்து யாரும் பார்ப்பதில்லை என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. புற ஊதாத் தடுப்புப் பூச்சு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். தகட்டின்மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளில் எந்தப் பக்கம் என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கம் விளக்கைப் பார்க்கட்டும்.

வலை

இனி நம் ஊருக்கான மூடி. ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பவர் வைத்திருக்கும் அலுமினியச் சட்டமும், மூலைக்கான பிளாஸ்டிக் துண்டும், வலையை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் பீடிங்கும் போதும். பவுடர் பூச்சு உள்ள சட்டமாகக் கேளுங்கள். அவரிடம் உள்ள சாம்பல் நிறக் கொசுவலையை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் கண்கள் மிகச் சிறியவை. தெறிக்கும் உப்பு ஒரு மாதத்தில் அவற்றை அடைத்து, வலையே தகடாகிவிடும். ஒளியையும் வெகுவாக விழுங்கும்.

வேண்டியது நிறமற்ற நைலான் அல்லது பாலிஎதிலீன் வலை, கண் அளவு 6 மில்லிமீட்டர், அதாவது கால் இஞ்ச். மாடிக் குடியிருப்புகளில் கட்டும் புறா வலையும் கண்ணுக்குத் தெரியாத நிறமற்ற வலைதான், எளிதாகவும் கிடைக்கும். ஆனால் அதன் கண்ணில் இரண்டு விரல் நுழையும், கோபி தாராளமாகப் போய்வரும். பழவேற்காடு பக்கம் கிடைக்கும் தங்கூஸ் வலையை வாங்கிச் சட்டத்தில் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வலை மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்வதற்காகவே பின்னியது. தொட்டிமேல் தளர்வாகக் கட்டினால் அங்கேயும் அதன் வேலையைச் செய்யும். கண் சிறியதாக இருக்க வேண்டும், வலை முரசுத் தோல் அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். குதித்த மீன் தட்டுப்பட்டுத் திரும்பி விழ வேண்டும், சிக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டிலுக்குக் கட்டும் கொசுவலைகளில் பூச்சிமருந்து ஏற்றிய வகை உண்டு. அதில் இருப்பது பைரித்ராய்டு. மனிதருக்குப் பெரிய கேடில்லை. மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. பழைய வலை வீட்டில் இருக்கிறதே என்று வெட்டிக் கட்டிவிடாதீர்கள். எந்த வலையானாலும் கட்டுமுன் நல்ல நீரில் இரண்டு நாள் ஊறவைத்து அலசுங்கள்.

இதே பைரித்ராய்டு கொசுவத்தியிலும் பிளக்கில் செருகும் லிக்விட்டிலும் இருக்கிறது. கண்ணாடி மூடி போட்டிருக்கிறேன், அதனால் பாதிப்பில்லை என்று நினைப்பது தவறு. காற்று பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நீருக்குள்ளேயே ஊதுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவத்தி, லிக்விட் இரண்டும் வேண்டாம். சாம்பிராணிப் புகை போடும் நாளில் காற்று பம்பை வேறு அறையிலிருந்து நீண்ட குழாய் போட்டு ஓட்டுங்கள்.

வலையின் குறை வெளிப்படை. ஆவியாதலைத் தடுக்காது. கரப்பான் குஞ்சும் எறும்பும் நுழையும். விளக்குக்குப் பாதுகாப்புத் தராது. முதல் குறைக்கு மருந்து, மிதவை வைத்த தானியங்கி நீர் நிரப்பி ஒன்று. மூன்றாவதற்குத்தான் விளக்கின் கீழே ஒரு பாலிகார்பனேட் பட்டை. பின்பக்கம் பம்பும் ஒயரும் இறங்கும் இடத்திலும் அதே தகட்டில் ஒரு துண்டு.

அளவெடுப்பது

தொட்டியின் வெளி அளவைச் சொல்லி வெட்டி வாங்கியவர்கள் திரும்பக் கடைக்கு நடந்திருக்கிறார்கள். மூடி உட்கார வேண்டியது விளிம்புக்கு உள்ளே, நீர்மட்டத்துக்கு இரண்டு இஞ்ச் மேலே. அடியில் திரளும் நீர் அப்போதுதான் தொட்டிக்குள்ளேயே சொட்டும். விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உப்பு நீர் பக்கவாட்டில் வழிந்து மரப்பலகையைத் தின்றுவிடும். உள் அளவை இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் எடுங்கள், குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து பக்கத்துக்கு ஒரு நூல் கழியுங்கள். வெட்டப் போகுமுன் சன்பேக் அட்டையில் ஒரு மாதிரி வெட்டித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். குழாய், ஒயர், தீனி போடும் துளை எல்லாம் அதிலேயே குறித்து, அந்த அட்டையைக் கடையில் கொடுத்துவிட்டால் தமிழிலும் தெலுங்கிலும் அடியும் மில்லிமீட்டரும் மாறி மாறிப் பேசிக் குழம்ப வேண்டாம். நாலடித் தகட்டைக் கொளத்தூரில் வாங்கி வில்லிவாக்கத்தில் புறநகர் ரயிலேறிக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

ஒயர் இறங்கும் வெட்டில் மீதமிருக்கும் இடைவெளியைக் கரும் பஞ்சால் அடையுங்கள். தொட்டி முழுக்க மூடிவிட்டு அந்த ஓட்டையை விட்டுவைத்தால் மீன் அதைக் கண்டுபிடிக்கும்.

கீலும் கைப்பிடியும் உலோகத்தில் வேண்டாம். தச்சரிடம் கொடுத்தால் அழகாகப் பித்தளைக் கீல் போட்டுத் தருவார். பித்தளையில் செம்பு இருக்கிறது. உப்பு நீரில் கரைந்து இறங்கும் செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும். இரும்புத் திருகு துருவாக வழியும். பிளாஸ்டிக் கீலோ, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே இழுத்த சிலிக்கான் பட்டையோ போதும். சிலிக்கானிலும் குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து விற்பதை வாங்கக் கூடாது. மீன்தொட்டிக்கு என்று எழுதியிருப்பதை வாங்கி, முழுதாகக் காய்ந்து புளிப்பு வாடை போன பிறகு தொட்டிமேல் வையுங்கள்.

உங்கள் தொட்டியையே கேளுங்கள்

எந்த நூலும் உங்கள் வீட்டு அறையைப் பார்த்ததில்லை. மெத்தை வீடா, ஓட்டு வீடா, மேற்கு வெயில் சுவரில் அடிக்குமா என்பதெல்லாம் மூடியைத் தீர்மானிக்கும். ஆகவே ஒரு சோதனை. தானியங்கி நீர் நிரப்பி இருந்தால் நிறுத்திவைத்து, கண்ணாடியில் நீர்மட்டத்தை மார்க்கரால் குறியுங்கள். சம்ப் (தொட்டி நீர் வடிந்து வந்து திரும்பும் கீழ்த் தொட்டி) இருந்தால் குறியை அதில் போடுங்கள். மட்டம் இறங்குவது அங்கேதான் தெரியும். முதலில் முழு மூடியோடும் பிறகு வலையோடும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். பிற்பகல் மூன்று மணி வெப்பமும், விடியற்காலை ஐந்து மணி வெப்பமும், 24 மணி நேரத்தில் இறங்கிய மட்டமும் எழுதிவையுங்கள். முழு மூடியோடு மூன்று மணிக்கு 29-ஐத் தாண்டுகிறதென்றால் அந்த மாதத்துக்கு அது உதவாது. வலையோடு விடியலில் 24-க்குக் கீழே போகிறதென்றால் வலையை எடுத்துவிட்டு முழு மூடியைப் போடும் பருவம் வந்துவிட்டது. திருத்தணியில் பொதுவாக மார்ச் முதல் செப்டம்பர் வரை வலை. வடகிழக்குப் பருவமழையின் ஈரக் காற்றில் எந்த மூடியானாலும் பெரிய வேறுபாடு தெரியாது. டிசம்பர், ஜனவரியில் முழு மூடி. அப்போதும் ஐந்தில் ஒரு பங்காவது காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கட்டும், அந்தத் திறப்பில் வலைத் துண்டு இருக்கட்டும்.

விசிறி ஓடும் தொட்டியில் உப்பை வாரம் இரண்டு முறை ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். மட்டத்தைப் பார்த்து மனக்கணக்குப் போடுவது கோடையில் சரிப்படாது.

மின்சாரம் போனால் முழு மூடி உடனே கழல வேண்டும். பம்ப் நின்ற தொட்டியில் நீர்ப்பரப்பு வழியாக நுழையும் காற்றுதான் மீனுக்கு மிச்சம். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு சிறு காற்று பம்பை அதில் இணைத்துவிடுங்கள். ஐந்து வாட் கூடத் தின்னாது. நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில்தான் மின்தடை வரும். மூடியை எங்கே பிடித்துத் தூக்குவது, எங்கே வைப்பது, வலைச் சட்டத்தை எப்படிப் பொருத்துவது என்று வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ பிள்ளைக்கோ இந்த வாரமே ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.